பூப்போட்ட டயர்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 9.10. வெப்பநிலை ஏழு பாகை. தெற்கிலிருந்து காற்று, கூடவே குடை விரிக்கவும் முடியாத, விரிக்காமலும் இருக்க முடியாத தூறல். நான் டயர்க் கடை முற்றத்தில் என் பிக்கப்பின் பின் சக்கரத்தருகே முழந்தாளிட்டு, ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு டயர்ப் பள்ளத்தின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர் கோயம்புத்தூர்க்காரர். அங்கே எந்திரவியல் படித்துவிட்டு இங்கே வந்து பன்னிரண்டு வருடமாக டயர் விற்கிறார். அவர் ஒரு சின்ன அளவுகோலைக் கொண்டுவந்து பள்ளத்தில் வைத்தார்.

"நாலரை மில்லிமீட்டர் இருக்கு அங்கிள். இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓட்டலாம். எதுக்கு இப்ப மாத்தணும்?"

"ஸ்னோவுக்கு" என்றேன்.

வடகிழக்கு மலைகளின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் என் மகளும் மருமகனும் குடியிருக்கிறார்கள். மருமகனுக்கு மலைமேல் பனிச்சறுக்கு இழுவைகளைப் பராமரிக்கும் வேலை. மகளுக்கு முதற்பிள்ளை. ஜூலை ஒன்பதாம் திகதி என்று மருத்துவர் குறித்திருந்தார். நாங்கள் இருக்கும் கிளென் வேவர்லியிலிருந்து அவர்கள் வீட்டுக்கு 310 கிலோமீட்டர். பிள்ளை பிறக்கப்போகும் மருத்துவமனை வழியிலேயே, 250ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. பிள்ளை பிறக்கும்போது என் மனைவி அங்கே நிற்க வேண்டும். இது அவளுக்கு ஆசை அல்ல, கடன். 1990இல் மன்னாரில் எங்கள் மகள் பிறந்தபோது சண்டையால் பாதை பூட்டியிருந்தது. மனைவியின் தாய் பதினொரு மைலுக்கு அப்பால் இருந்தும் வர முடியவில்லை. "என்ர பிள்ளைக்கு அப்பிடி வரக்கூடாது" என்று முப்பத்துநான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கவென்று மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்த சரக்குத்தூள் மே மாதமே இரண்டு பால்மாப் பேணிகளில் நிரம்பிவிட்டது.

என் பங்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வாகனம் இருந்தது. எங்கள் தமிழ்த் திருப்பலிக்குக் கதிரை ஏற்றுவதற்காக ஒன்பது வருடத்துக்கு முன் வாங்கிய பிக்கப். இங்கத்தையர் யூட் என்பார்கள். அறுபத்துநான்கு கதிரை பிடிக்கும். கதிரை இல்லாதபோது அதன் பின்புறத்தில் பாரமே கிடையாது. இதை வாசிப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மகளின் ஊர்ப் பெயரையும் சொன்னேன். கடைக்காரர் கேட்டுச் சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

"அந்த ஊருக்கு நான் பசங்களோட போயிருக்கேன் அங்கிள். ரோடு சுத்தமா கறுப்பா இருக்கும். ஸ்னோ எல்லாம் மலைக்கு மேலதான். மேல போறதா இருந்தாக்கூட டயருக்குச் சங்கிலிய வாடகைக்கு எடுத்துட்டுப் போனாப் போதும். ஸ்னோ டயர் இங்க யாரும் போடமாட்டாங்க. ஸ்டாக்கே கிடையாது. ஆர்டர் குடுத்தா ரெண்டு மூணு வாரம் ஆகும்."

வாங்க வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நம்பலாமா? நான் நம்பவில்லை. நான் நம்பியது டொரோண்டோவில் இருக்கும் என் தம்பியை. இருபத்தாறு வருடமாகப் பனியில் வாகனம் ஓட்டுகிறவன். எங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்ட குரல்பதிவுகள் மட்டும் பதினேழு. கேட்டுக்கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டன.

"அண்ணை, வின்ரர் டயர் இல்லாமல் மலைப்பக்கம் போகாதையுங்கோ. இஞ்ச நவம்பர் பிறந்தால் ஒருத்தரும் மற்ற டயரோட றோட்டில இறங்கமாட்டினம். ஏழு பாகைக்குக் கீழ போனா சாதா டயர் ரப்பர் கல்லு மாதிரி இறுகிப்போம். டயரின்ர பக்கத்தில ஒரு மலையும், மலைக்குள்ள பூவும் இருக்கும். பூ இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ. வானிலை பாக்கிறதெண்டா உச்சியைப் பாருங்கோ, கீழ பாத்து ஏமாறாதையுங்கோ."

நாங்கள் பூமியின் தென்பாதியில் இருக்கிறோம்; அவனுடைய நவம்பர் என்றால் எங்களுக்கு மே. எனவே ஏற்கனவே ஒரு மாதம் பிந்திவிட்டேன் என்று கணக்கிட்டுப் பதறினேன். கைப்பேசியில் வானிலைக்கு மலையுச்சியைத் தெரிவுசெய்து வைத்தேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் மூன்று டயர்களுக்கு மூன்று நிரல் கீறி, ஈரத்தில் நிற்கும் தூரம், பனியில் நிற்கும் தூரம், சத்தம், தேய்மானம், பாரம் தாங்கும் எண் என்று பதினோரு வரி எழுதினேன். முதல் டயர் ஆறு வரியில் வென்றது. இரண்டாவது ஐந்தில். இந்த ஒரு வரி வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கலாமா என்று யோசிப்பதிலேயே ஐந்து நாள் போனது.

மனைவி கொப்பியை எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, நீங்கள் பூப் பாத்து டயர் வாங்கிறதுக்கிடையில பேரப்பிள்ளை நடந்து வந்து கதவைத் தட்டும்."

"பாதுகாப்பு விசயம். விளையாட்டில்லை."

"ஓம், ஓம். எழுதுங்கோ. பன்னிரண்டாவது வரியா என்ர பேரையும் எழுதுங்கோ."

ஜூன் 14இல் கடைக்குப் போனது அதன் பிறகுதான். ஆறு வரியில் வென்ற டயரை ஆர்டர் கொடுத்தேன். ஜூலை இரண்டாம் திகதி வரும் என்றார் கடைக்காரர். ஒன்பதுக்கு ஏழு நாள் மிச்சம். போதும் என்று கொப்பியில் எழுதிக் கீழே கோடிட்டேன்.

கொப்பியில் எழுதாத ஒன்று உண்டு. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, கதிரைகளை இறக்கிவிட்டு வெறும் பிக்கப்போடு வந்தபோது, ஈரமான சந்தியில் பிறேக் அழுத்தினேன். வாகனத்தின் பின்புறம் தன்பாட்டுக்கு வலப்பக்கம் போனது. அரை மீட்டர் இருக்கும். யாருக்கும் ஒன்றுமில்லை. "என்னப்பா?" என்றாள் மனைவி. "பூனை" என்றேன். பூனை இல்லை. என் கால் பிந்தி அழுத்தியது, பிறகு கூடுதலாக அழுத்தியது. எனக்கு எழுபத்தாறு வயது. அன்றிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது என்னுடைய காலுக்கு ஒரு மருந்து. அது டயர் வடிவத்தில் கிடைக்கும் என்று தம்பி சொன்னதும் பிடித்துக்கொண்டேன். பத்தியம் இருந்தால் வயது குறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் கொப்பியில் எழுதியிருப்பேன்.

ஜூன் 27, வியாழன், காலை 6.05. மருமகனின் அழைப்பு.

"மாமா, நோ தொடங்கிட்டுது. நாங்கள் ஹொஸ்பிட்டலுக்கு வந்திட்டம். மாமியைக் கூட்டிக்கொண்டு வாறீங்களோ?"

பன்னிரண்டு நாள் முந்தி. மனைவி அதற்குள் மேலங்கி போட்டு, பேணிகளைப் பையில் வைத்து, வாசலில் நின்றாள். நான் கைப்பேசியைப் பார்த்தேன். கழிய ஆறு பாகை, அதாவது பூச்சியத்துக்குக் கீழே ஆறு. பனிப்பொழிவு.

"டயர் செவ்வாய்க்கிழமைதான் வருது" என்றேன்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். கழிய ஆறு, பாரமில்லாத பின்புறம், இறுகிய ரப்பர், தம்பி சொன்னது. நகரத்திலிருந்து வடகிழக்குக்குப் போகும் ஏழு மணி ரயிலும் தவறிப்போகும்வரைக்கும் சொன்னேன். அவள் நெடுநேரம் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்டைக்குப் பூனை ஒண்டும் குறுக்க போகேல்லை. எனக்குத் தெரியும்" என்றாள். குரலில் கோபமில்லை. "நான் ரெயினில போறன். நீங்கள் உங்கட டயரோட, பிள்ளைக்கு வாங்கி வைச்ச தொட்டிலையும் ஏத்திக்கொண்டு ஆறுதலா வாங்கோ."

ஒன்று தசம் எட்டுக் கிலோமீட்டர் தூரத்து நிலையம்வரை அவளைக் கொண்டுபோய் விட்டேன். "போட்டு வாறன்" என்று ஏறினாள். நகரத்துக்குப் போய், பகல் ரயில் பிடித்து, பிற்பகல் 2.40க்கு அங்கே இறங்கினாள்.

பேத்தி காலை 11.20க்குப் பிறந்துவிட்டாள்.

அன்று நான் கொப்பியின் புதுப் பக்கத்தில் ஒரு கணக்குச் செய்தேன். 6.30க்குப் பிக்கப்பில் புறப்பட்டிருந்தால், மழையென்று மெதுவாக ஓட்டினாலும், வழியில் ஒருமுறை நிறுத்தினாலும், 10.00க்குச் சேர்ந்திருப்போம். எண்பது நிமிடம் கையிருப்பு. இரண்டுமுறை சரிபார்த்தேன். வழக்கமாக என் கணக்கில் எங்கேயாவது ஒரு பிழை இருக்கும். அன்று இல்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்காரர் புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். "இதோ உங்க பூ அங்கிள். போட்டுடலாமா?" என்று கேட்டார். மலையும் பூவும் தெளிவாக இருந்தன. போடச் சொன்னேன். மறுநாள் தொட்டிலையும் இரண்டு மூட்டை அரிசியையும் பின்னால் கட்டிக்கொண்டு தனியாகப் புறப்பட்டேன். 310 கிலோமீட்டரும் தெரு கறுப்பாக, காய்ந்து, வெயில் பட்டுக் கிடந்தது. பனி இருந்த இடங்கள்: பூச்சியம். டயர் மட்டும் தேனீக்கூடு மாதிரி இரைந்துகொண்டே வந்தது. ஊருக்குள் நுழைந்தபோது வாகனத் திரையில் ஒன்பது பாகை. என் கைப்பேசியில் கழிய நாலு. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கினேன். தூரத்தில், ஆயிரம் மீட்டருக்கும் மேலே, கைப்பேசி சொன்ன அந்த வெள்ளை இருந்தது. அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

வீட்டுக்குள் சரக்குக்கறி மணத்தது. மகள் பிள்ளையை என் கையில் வைத்தாள். இரண்டு கிலோ தொளாயிரம்.

"அப்பா, வழியில ஸ்னோ பாத்தனீங்களோ?"

"இல்லை" என்றேன். பிறகு, கேட்கக்கூடாது என்று 310 கிலோமீட்டரும் நினைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டேன். "பிறக்கேக்க ஆர் பக்கத்தில நிண்டது?"

"அவர் நிண்டவர். மற்றது ஒரு நேர்ஸ், வயசானவ. நான் அவவின்ர கையைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தனான். அவவைத்தான் அம்மா, அம்மா எண்டு கூப்பிட்டனான். அவவும் யெஸ், யெஸ் எண்டவ." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மனைவி குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கறியைத் துழாவிய கை நின்று, மறுபடி துழாவியது. அன்று மாலை அவள் வெளியே வந்து பிக்கப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். குனிந்து, டயரில் இருந்த பூவை விரலால் தொட்டாள்.

"வடிவான பூ. திரும்பிப் போகேக்க நான் முன்னால இருந்து வாறன். நீங்கள் பிறேக் அடிக்கவேண்டிய இடத்தில சொல்லுறன்."

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். நான்கு டயர், ஒன்று 345 டாலர்படி, 1,380. பூட்டிச் சமநிலை பார்த்த கூலி 100. மனைவியின் ரயில் கட்டணம், மூத்தோர் சலுகையில், 5 டாலர் 30 சதம். மொத்தம் 1,485 டாலர் 30 சதம்.