இடது கைக்கு ஒரு கருக்கரிவாள்

எங்கள் நிலம் கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக் கால்வாயை ஒட்டி இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழிக் காலை, கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்த ஆயில் எஞ்சினின் பெல்ட் நழுவப் பார்த்தது. கையால் தள்ளிவிடப் போனேன். பெல்ட் என் வலது கையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பெருமாள் புண்ணியத்தில் கை போகவில்லை. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் தைத்துக் கட்டி அனுப்பினார்கள். கட்டுப் பிரித்தபோது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் குச்சியாக விறைத்து நின்றன. மற்ற மூன்று விரல்களும் பாதிதான் மடங்கின. இதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பக்கத்து ஊரிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்தார். தங்கமான மனுஷர். எனக்காக ஏர் பூட்டி, ஆள் வைத்து, சித்திரையில் அறுக்கும் நவரைப் போகம் முழுவதையும் நட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

"வெசனப்படாத மாப்ள. அடுத்த போகத்துலேர்ந்து நெலத்த என்கிட்ட வாரத்துக்கு உட்டுடு. பாதி நெல்லு ஊடு தேடி வரும். நீ சாமி கும்பிட்டுக்கினு நிம்மதியா குந்தியிரு."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வாரத்துக்கு விட்டவன் திரும்ப அந்த மண்ணில் இறங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

"நவரை அறுப்புல நானும் ஒரு ஆளா நின்னு அறுக்கிறேன் மச்சான். முடியலன்னா நெலம் உன்கிட்ட."

"எந்தக் கையால?"

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கைக்கு அதுவரை ஒரு பட்டனைப் போடக்கூடத் தெரியாது.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போனோம். உடம்புக்கு வந்தால் அங்கே கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் வீட்டு வழக்கம். படியில் நின்று வலது கையில் வெல்லத்தை வாங்கினேன். விறைத்த விரல்களுக்கு நடுவே நழுவிப் படியிலேயே விழுந்து உடைந்தது.

"அந்தக் கையால போடுங்க" என்றாள் மனைவி.

"பீச்சாங்கையாலயா? சாமிக்கா?"

"சாமி சங்க எந்தக் கையில புடிச்சிக்கினு கீறாரு? ஊட்ல தெனம் படத்தப் பாத்துத்தான கும்பிடறீங்க?"

படத்தை நினைத்துப் பார்த்தேன். சங்கு இடது கையில்தான். வெல்லத்தை இடது கையால் விட்டேன். அது தண்ணீரில் பழுப்பாகக் கலங்கிக் கரைவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். விரல்கள் அன்று மடங்கவில்லை, என்றைக்கும் மடங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இடது கையை எதற்கும் நீட்டக் கூச்சம் இல்லாமல் போயிற்று.

மறுநாளிலிருந்து குளித்துவிட்டு விளக்கின் முன் நின்று, "பெருமாளே, இன்னிக்கு இந்தக் கைக்கு ஒரு வேலை" என்று கேட்டுக்கொள்வேன். ஒருநாள் வேட்டி கட்டுவது. ஒருநாள் மாட்டை முளையில் கட்டுவது. ஒருநாள் நாமம் போடுவது. கண்ணாடியில் பார்த்துப் போட்டால் கோடு நான் நினைத்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன், நேராக வந்தது! ஏன் அப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கேட்பதற்கும் ஆள் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மாலையில் எவ்வளவு முயன்றும் வராத முடிச்சு, மறுநாள் காலையில் கேட்காமலே வந்துவிடும். நான் தூங்கும்போது கை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்கிறதோ என்று வேடிக்கையாக இருக்கும். எல்லா வேலைகளும் இப்படிப் படிந்து வந்தன, அறுப்பைத் தவிர.

வரப்போரப் புல்லில் கருக்கரிவாளை வைத்துத் தினமும் பழகினேன். பல் வைத்த அரிவாள், நெல் அறுக்க அதுதான் வேண்டும். வலது கையின் மூன்று விரல்களைக் கொக்கிபோல் வளைத்துப் புல்லைச் சேர்த்துப் பிடிப்பேன். அதில் குறை இல்லை. இடது கை இழுத்தால் அரிவாள் வழுக்கிக்கொண்டு போகும். புல் நசுங்குமே தவிர அறுபடாது. பயிரோ பால் பிடித்துக் கதிர் முற்றத் தொடங்கியிருந்தது. இந்தக் கைக்குப் புத்தி இவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

சாணை பிடித்தால் சரியாகுமோ என்று புதுவாயல் கூட்ரோட்டில் இருந்த கொல்லரிடம் கொண்டுபோனேன். என்னை அறுத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அரிவாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா நீ! பல்ல ஒரு பக்கம் பாத்துத்தான் வெட்டியிருக்குது. சோத்துக்கையில புடிச்சா தாளைக் கடிக்கும். பீச்சாங்கையில புடிச்சா வழுக்காம இன்னா பண்ணும்?"

"அப்ப தப்பு என் கை மேல இல்லியா?"

"கை இன்னா பண்ணும் பாவம்!"

பிறந்ததிலிருந்து அறுத்து வந்திருக்கிறேன். அரிவாளுக்கும் ஒரு கை உண்டு என்பது எனக்குத் தெரியாது. அவரும் இடது கைக்கு அதுவரை செய்ததில்லையாம். ஆசையோடு உடனே புது அரிவாள் ஒன்றுக்குப் பல் வெட்ட உட்கார்ந்துவிட்டார். பேசிக்கொண்டே வெட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தால், பல் பழைய பக்கமே பார்த்தது.

"அடச்சே! பழகின பக்கமே போவுது பாரு என் கை" என்று சொல்லிவிட்டு, எல்லாப் பல்லையும் ராவி மறுபடி வெட்டினார். இந்த முறை பேசவில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ரோட்டோரப் புல்லில் வைத்து இழுத்தேன். சரக்கென்று வந்தது.

அறுப்பு நாள் வந்தது. ஆணும் பெண்ணுமாக வரிசை கட்டி இறங்கினார்கள். நான் நடுவில் நின்றேன். மச்சான் வரப்பில் நின்றார். நாலு பிடிகூட அறுத்திருக்க மாட்டேன், என் முழங்கை இடது பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் முழங்கையில் மோதியது. தள்ளி நின்றேன். மறுபடி மோதியது.

"அண்ணே, நெல்ல அறுக்க வந்தியா, என் வளையல அறுக்க வந்தியா?" என்று அந்த அம்மா கத்த, வரிசையே சிரித்தது.

அவர் மேல் படாமல் இருக்க நின்று நின்று அறுத்தேன். எல்லோரும் முன்னால் போக, நான் நின்ற இடத்தில் மட்டும் நெல் நின்றது.

"போதும் மாப்ள, மேல ஏறிடு" என்றார் மச்சான். குரலில் கேலி இல்லை.

நிமிர்ந்து வரிசையைப் பார்த்தேன். எல்லா முழங்கையும் வலது பக்கம் போய் வந்தது. என்னுடையது மட்டும் இடது பக்கம். என் இடது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் யாரோடு மோதும்? அரிவாளை எடுத்துக்கொண்டு வரிசையின் இடது கடைசிக்கு ஓடினேன்.

"அங்க எங்க ஓடற?"

"இரு மச்சான், ஒண்ணு பாக்கணும்!"

பிறகு மோதவில்லை. வரிசையோடு சமமாகப் போனேன் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தேன். ஆனால் எனக்கு விழுந்த பங்கை, கரை சேரும்வரை நானே அறுத்தேன்.

மச்சான் இறங்கி வந்து என் அரிவாளை வாங்கினார். ஒரு பிடி நெல்லைப் பிடித்துத் தன் வலது கையால் இழுத்தார். வழுக்கியது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். வாரப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

"அடுத்த போகத்துக்கு நாத்தங்கால் எங்க உடப்போற?" என்று கேட்டார்.

"கெணத்து மூலையில. ஏர் மட்டும் நீ ஓட்டிக் குடு. அத்த இன்னும் கத்துக்கல."

"கெணத்து மூலையா? அது மேடு மாப்ள, தண்ணி நிக்காது."

"நிக்கும்."

"நிக்காதுன்றேன்!"

வீடு வந்து சேரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தோம்.