பல் டாக்டரின் பச்சை மோட்டார்

பள்ளிக்கூடத்தில் டிராயிங் வகுப்பில், கரும்பலகையில் ஒரு செம்பை வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் வேங்கடேசனின் கம்பவுண்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வழக்கமாக ஒரு சிரிப்போடு வருகிற மனிதர் அன்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"சார், டாக்டர் போயிட்டார்" என்றார்.

"எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

பத்து வருஷப் பழக்கத்தில் வந்த கேள்வி அது. 'டாக்டர் இல்லை, போயிட்டார்' என்று கம்பவுண்டர் சொன்னால், பச்சை மோட்டாரை எடுத்துக்கொண்டு எங்கேயோ எதையோ பார்க்கக் கிளம்பிவிட்டார் என்றுதான் எங்களுக்கெல்லாம் அர்த்தம். கம்பவுண்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

மயிலாப்பூர் லஸ் மூலையில் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவர்கள், இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் வாய்க்குள் பஞ்சையும் இடுக்கியையும் வைத்துவிட்டு அவர் கேள்வி கேட்டது நினைவிருக்கும். சாந்தோமிலிருந்து ஒரு மீன்காரர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்திருந்தார். "கரையிலேந்து பார்த்தா எல்லாத் தண்ணியும் ஒண்ணாத்தானே இருக்கு, மீன் எங்கே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறேள்?" என்று கேட்டார் டாக்டர். பல் வெளியே வந்தது. அந்த மனிதர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, வலியை மறந்து, தண்ணீரின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த மோட்டார் வந்து சேர்ந்தது.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று பெயர் வைத்து, வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. சிந்தாதிரிப்பேட்டையில் காசிம் பாயின் பழைய இரும்புக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். தண்ணீர் இறைக்கிற பம்புக்கு ஏதோ சாமான் வேண்டியிருந்தது. கடைக்குப் பின்னால், கூவம் கரையை ஒட்டி, ஒரு மோட்டார் மூக்கு நசுங்கிக் கிடந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தய வண்டி. கம்பிச் சக்கரங்கள், நீண்ட முன்பக்கம், பச்சை வர்ணம். டாக்டர் பம்பை மறந்துவிட்டார்.

"அது வாணாம் டாக்டரே" என்றார் காசிம் பாய். "ராசியில்லாத வண்டி. ஆள முழுங்கிக்கினு வந்து குந்தினு கீது. நானே எடைக்கு ஒடைச்சிப் போடலாம்னு பாத்துக்கினு கீறேன்."

"யாரை முழுங்கித்து?"

காசிம் பாய் சொன்னார். நடராஜன் என்ற இளம் வியாபாரி சீமையிலிருந்து தருவித்த வண்டி. மனைவிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஒருநாள் காலை அவள் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது, அடையாறு பாலம் தாண்டி வண்டி சாலையை விட்டு விலகிப் புளியமரத்தில் மோதியது. அவன் அங்கேயே இறந்தான். அவள் பிழைத்தாள். அந்த நாளில் மயிலாப்பூரில் இதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. எங்கள் வீட்டிலும் பேசினோம். பொம்பளை கையில் மோட்டாரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதோடு எல்லாப் பேச்சும் முடிந்துவிடும்.

டாக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம், "ஏன் ஓய், அந்த இடத்தில் ரஸ்தா நேராத்தானே போறது?" என்றார்.

மறுவாரம் வண்டி கட்டை வண்டியில் ஏறி, சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. மாட்டுக்கொட்டகை காலியாக இருந்தது. கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் அது இருந்தபடியே படம் வரைந்து வைக்க வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார். பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கே போவேன். வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எஞ்சினுக்குள் விட்டு அவர் பார்த்துச் சொல்வார், நான் வரைவேன். நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்தப் பாத்திரம் செய்கிறவர் வந்தார். ஆசனத்துக்குத் தோல் தைக்கக் குதிரைச் சேணம் தைக்கிறவர் வந்தார். தொலைந்துபோன சாமான்களைப் பல் கட்டுகிற மெழுகில் அச்செடுத்துப் பித்தளையில் வார்த்தார். அவர் மனைவி அலமேலு அம்மாள் காபியை வைத்துவிட்டு, "ஊரார் வாயிலேந்து பிடுங்கினது போறாதுன்னு இப்போ ஆத்துலயும் பிடுங்கிண்டிருக்கார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் கரியும் எண்ணெயுமாக அவர் உள்ளே வந்தால் சீயக்காய்ப் பொடியோடு கிணற்றடியில் தயாராக நிற்பதும் அந்த அம்மாள்தான்.

இரும்புக் கடைக்காரர்கள் உடைந்த துண்டுகளையெல்லாம் வண்டியின் ஆசனத்தில் குவித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் முன்சக்கரங்களைத் திருப்புகிற இரும்புக் கை இரண்டு துண்டாக இருந்தது. மரத்தில் மோதிய வேகத்தில் உடைந்தது என்று நான் ஒதுக்கி வைத்தேன். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் வரவில்லை.

"இங்கே வாரும். உடைஞ்ச இடத்தோட முகம் எல்லாம் ஒரே நிறமா இருக்கா?"

இல்லை. பாதி செம்மண் நிறத் துருவாக இருந்தது. மீதிப் பாதி பிறைபோல வளைந்து கறுத்திருந்தது.

"நேத்து உடைஞ்ச பல் உடைஞ்ச இடத்தில் வெள்ளையா இருக்கும். வருஷக்கணக்கா விண்டிருந்த பல்லைப் பிடுங்கினா விரிசல் ஓடின வழியெல்லாம் கறை ஏறிக் கறுத்திருக்கும். இது ரெண்டாவது ரகம்னு எனக்குப் படறது."

மண்ணெண்ணெயில் தோய்த்த பஞ்சால் கறுப்பைத் துடைத்தார். பஞ்சில் பழைய மசகு எண்ணெய் வந்தது. விரிசலுக்குள் எண்ணெய் போக வேண்டுமானால் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே விரிசல் இருந்திருக்க வேண்டும் என்றார்.

இவ்வளவு தெரிந்தால் எனக்குப் போதும். அவருக்குப் போதவில்லை. கடைக்குப் பின்னால் மழையில் கிடந்ததாலேயே அப்படிக் கறுத்திருக்கலாமே என்று தன்னோடு தானே வாதாடினார். அதே கனத்தில் ஓர் இரும்புக் கம்பியை வாங்கி, சம்மட்டியால் அடித்து உடைத்து, துண்டுகளைக் கிணற்றடியில் போட்டுவைத்தார். மழைக்காலம் முழுவதும் அது அங்கே கிடந்தது. தை பிறந்ததும் எடுத்துப் பார்த்தோம். முகம் முழுவதும் ஒரே செம்மண் நிறம். கறுப்பே இல்லை.

"இதை அந்தப் பொண்ணுகிட்டே சொல்லணும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். ஆறிப்போன புண்ணைக் கிளறுவானேன் என்றேன்.

"ஆறிப்போச்சுன்னு உமக்கு யார் சொன்னா?"

நடராஜனின் மனைவி பெயர் ராஜேஸ்வரி. பனகல் பூங்காவுக்கு அருகில், தன் அண்ணன் தணிகாசலம் வீட்டில் இருந்தாள். தணிகாசலம் வீடு கட்டும் கான்ட்ராக்டர். நல்ல மனிதர் என்று கேள்வி. எங்களை நாற்காலியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். டாக்டர் விஷயத்தைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். அந்த வண்டிப் பேச்ச இந்த வீட்ல எடுக்கறதில்ல. ஏதோ என் தங்கச்சி அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்குது. அதக் கலைக்காதீங்க."

நான் எழுந்துவிட்டேன். டாக்டரும் எழுந்தார். அப்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"அவர் என்ன கொண்டாந்தார்னு பாக்கணும் அண்ணே."

வெள்ளைப் புடவையில் அவள் வந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. டாக்டர் கைக்குட்டையைப் பிரித்து இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் வைத்தார். எண்ணெயையும் மழையையும் தான் உடைத்துப் பார்த்த கம்பியையும் பற்றி எதையும் விடாமல் சொன்னார். அவள் ஒரு துண்டைக் கையில் எடுத்து, கறுத்த இடத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ஸ்டியரிங் சக்கரம் கையில சும்மா சுத்துச்சுன்னு சொன்னேன்" என்றாள். "ஆஸ்பத்திரியில சொன்னேன், மாமியார்கிட்ட சொன்னேன். பயத்துல உளர்றேன்னாங்க. அப்புறம் நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன். திருப்பாம கைய விட்டுட்டேன் போலருக்குன்னு."

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

அவள் டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ இது ஒடைஞ்சதாலதான் அவர் போனார். நிச்சயமா சொல்லுங்க."

ஆமாம் என்று சொல்லும், ஆமாம் என்று சொல்லும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தையில் என்ன குறைந்துவிடும்?

"விரிசல் முன்னாடியே இருந்தது. அது நிச்சயம்" என்றார் டாக்டர். "மரத்துல மோதறதுக்கு முன்னாடியே முழுசா விட்டுடுத்தா, மோதினப்போதான் விட்டுதான்னு இந்த இரும்பு சொல்லாது. சக்கரம் சும்மா சுத்தித்துன்னு நீங்க சொல்றது இதோட சரியாப் பொருந்தறது. நான் உங்களை நம்பறேன் அம்மா. ஆனா நிச்சயம்னு சொல்ல எனக்குத் தெரியாது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் துண்டை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"போதும்" என்றாள். "இத்தன நாளா எல்லாரும் நிச்சயமாத்தான் சொன்னாங்க."

திரும்பி வரும்போது டாக்டர் பஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த கோடையில் வண்டி எழுந்து நின்றது. உடைந்த இரும்புக் கைக்குப் பதில் சீமையிலிருந்து புதிது வந்திருந்தது. வர்ணம் பழைய பச்சையேதான். ஆனால் ஒரு வியாதி. கிளம்பினால் ஜோராகக் கிளம்பும். கச்சேரி ரோடு முனை திரும்புவதற்குள் இருமி நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். டாக்டர் எஞ்சினை மூன்றாம் முறையாகப் பிரித்துப் போட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தணிகாசலத்தின் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. ராஜேஸ்வரி இறங்கினாள். அலமேலு அம்மாள் அவளைக் கையைப் பிடித்து நேரே கொட்டகைக்கு அழைத்து வந்தார்.

அவள் வண்டியைத் தொடவில்லை. சுற்றி வந்தாள். பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இந்த மூடி புதுசா?"

"நானே வார்த்தது" என்றார் டாக்டர் பெருமையோடு. கண்ணாடிபோல மெருகிட்ட பித்தளை மூடி அது.

"பழைய மூடியில ஊசி நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். அது அடைஞ்சுக்கிட்டா வண்டி இப்படித்தான் நிக்கும். காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படி எறங்கும்? அவர் ஊசி வெச்சுக் குத்தி விடுவார்."

டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பல் துளைக்கிற கருவியைத் தானே ஓடிப்போய் எடுத்து வந்து மூடியில் துளை போட்டார். எஞ்சினைத் திரும்பப் பூட்டிக் கிளப்பியபோது வண்டி சாந்தோம் வரை போய்விட்டு வந்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வந்தாள். தணிகாசலம் தடுக்கவில்லை, பின்னால் தானும் வர ஆரம்பித்தார். அடையாற்றுக்குப் போக வேண்டும் என்று ஒருநாள் அவளே கேட்டாள். நானும் தணிகாசலமும் குதிரை வண்டியில் முன்னால் போய்ப் பாலத்துக்கு அப்பால் நின்றோம். பச்சை மோட்டார் பாலத்தைக் கடந்து வந்து எங்களருகில் நின்றது. டாக்டரும் அவளும் இறங்கினார்கள். புளியமரத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது. அவள் அதன் முன் நின்றாள். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை.

திரும்பி வந்தவள் டாக்டரிடம், "நான் ஓட்டட்டுமா?" என்றாள்.

"ராஜி!" என்றார் தணிகாசலம்.

டாக்டர் மறுபக்கம் போய், நடராஜன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி மெல்ல நகர்ந்தது. நேரான சாலையில் நேராகப் போனது. மரங்களுக்கிடையில் சின்னதாகி மறைந்த பிறகும் அதன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தணிகாசலம் அந்தச் சத்தம் திரும்பி வருகிறவரை கைகளைக் கூப்பியபடியே நின்றார்.

இன்று அண்ணன் கட்டுகிற வீடுகளையெல்லாம் மேற்பார்வை செய்ய அவள்தான் தன்னந்தனியாக மோட்டார் ஓட்டிக்கொண்டு போகிறாள். தி. நகரில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேரப் போட்டே எழுதுங்க" என்றாள்.

டாக்டருக்கு மார்பு வலி கண்டு படுத்தபோது பார்க்க வந்தவர்களெல்லாம், ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் எழுந்து நடப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். நான் போன மாலை அறையில் வேறு யாருமில்லை.

"ஓய், நான் பிழைப்பேனா?" என்றார்.

ஆமாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. "தெரியலை" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் இருந்த களைப்பு கொஞ்சம் விலகியது. "அப்பாடா" என்றார். "உட்காரும்."

விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினோம் என்று கேட்டால், இருதயம் எப்படித் துடிக்கிறது என்பதைப் பற்றித்தான் பெரும்பாலும். தனக்குத் தெரியாததை அவர் கேட்டார், எனக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: தெரியாது என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது.