பன்னிரண்டில் மூன்றாவது பிரதி

மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த ஒரு வாடை, அதுதான் என் அக்கா ரோஸ்லினின் வாடை. எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் ஓவிய அறையில் உதவியாள் வேலை முடித்து அவள் மூடுபனிக்குள் நடந்து வரும்போது, ஆள் தெரிவதற்கு முன்பே அது வந்துவிடும்.

அங்கே ஓவியம் கற்பித்த வெளிநாட்டு அம்மாள், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக மையை வழித்துப் படம் அச்சடிப்பார். மனிதரோ மரமோ கிடையாது. வெறும் கறுப்பு வெள்ளைக் கோடுகள், வட்டங்கள். உற்றுப் பார்த்தால் தாள் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். ஒன்றில், கோடு போட்ட கண்ணாடித்தாளை மேலே வைத்து நகர்த்தினால் சக்கரம் சுழலும். எந்தப் படமானாலும் பன்னிரண்டே பிரதிகள்தான். "துணியக் கழுவிட்டா அம்புட்டுத்தான்டி, அந்தப் படத்த இனி யாராலயும் அடிக்க முடியாது" என்பாள் அக்கா. பென்சிலால் 3/12 என்று எண்ணிட்ட பிரதி எப்போதும் அவளுக்கு. அப்படி ஏழு சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பழைய காலண்டர் தாள்களுக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். என்னைத் தொடவிட மாட்டாள்.

அந்த அம்மாள் நாடு திரும்பிய மறு வருடம், ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் "கமிஷன் கடை" வைத்திருந்த குடும்பத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஏழு படங்களும் போயின. மச்சான் நல்ல மனிதர். எல்லாவற்றையும் அறைச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். பரீட்சை லீவுக்குப் போன நான் அக்காவின் மாமியாரிடம் பெருமையாக, "அத்தை, கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க, தலையே சுத்தும்" என்றேன். பார்த்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம். அந்த வாரமே கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாமியார் கத்தவில்லை, அழுதார். "வயித்துப்புள்ளக்காரி பாக்குற படமா ஆத்தா அது? பாத்தா தலை சுத்துதுல்ல?" உடம்பில் ரத்தம் இல்லை, அதனால்தான் மயக்கம் என்று டாக்டரம்மா மச்சானிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். மச்சான் கடையில் இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தலை சுற்றும் என்று சொன்னதே நான்தானே என்ற பயம். அக்கா எழுந்து போய், யாரும் சொல்லாமலே, ஏழையும் வெந்நீர் அடுப்பில் வைத்தாள். கண்ணாடித்தாள் மட்டும் சுருண்டு, வெகுநேரம் நாறிக்கொண்டு எரிந்தது.

அதன்பின் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். சுவரில் காலண்டர் தவிர வேறெதையும் அவள் மாட்டவில்லை.

இன்று அந்த ஓவிய அறை இல்லை. மற்றப் பிரதிகள் எந்த தேசத்தில் கிடக்கின்றனவோ. அக்காவும் போய் மூன்று வருடமாகிறது. கடைசி மாதங்களில் அவள் பக்கத்தில் இருந்தபோது, ஒருநாள் அவளாகவே, "படம் படம்னு கெடந்து மொதப் புள்ளைய நானே தின்னுட்டேன்டி" என்றாள். அத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்; டாக்டரம்மா சொன்னதை மச்சானும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னதையும், மாமியாரிடம் நான் சொன்னதையும் சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லடி" என்றாள் அக்கா.