வஞ்சிரத்தால் வந்த வினை

சாந்தோம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்த இக்னேஷியஸ் வாத்தியாருக்கு ரேடியோப் பைத்தியம். பதினோரு வருஷம் மல்லுக்கட்டி அவர் வீட்டிலேயே செய்த மூன்று வால்வு ரேடியோவில் கொழும்பு கணீரென்று கேட்கும். தெருவே வந்து பாட்டை ரசித்துவிட்டுப் போனது. உள்ளே இருந்த கம்பி இணைப்பு முறை அவருடைய சொந்த யோசனை. அதைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம் மனுஷனை அரித்தது.

1948-ல் தேனாம்பேட்டை ரேடியோ சங்கம் ஒன்று போட்டி வைத்தது. சொந்தமாக வடிவமைத்த ரேடியோவை விஷயம் தெரிந்த இரண்டு நடுவர்கள் திறந்து பார்த்து மார்க் போடுவார்களாம். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நோட்டீஸின் அடியில் ஒரு விதி: பிரதிபலன் பெற்று ரேடியோ வேலை செய்தவர்கள் கலந்துகொள்ளக் கூடாது.

பிரதிபலன் என்றால் காசு மட்டுமா, பண்டமும் சேர்த்தியா? விதியை எழுதின புண்ணியவானுக்கே தெரிந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். வாத்தியார் அக்கம்பக்கத்து ரேடியோக்களைப் பழுது பார்ப்பார், காசைத் தொடமாட்டார். ஆனால் பின்னாலேயே ஏதாவது வரும். திருப்பி அனுப்பினால் மனஸ்தாபம்.

"காசு வாங்கலன்னு எழுதிட்டுப் போங்களேன். இன்னாத்துக்கு யோசிச்சிக்கினு கீறீங்க?" என்றாள் மனைவி கிளாடிஸ்.

"மீன் வாங்கினோமே."

"அது சும்மா குடுத்தது."

"ரிப்பேர் பண்ணலன்னா குடுத்திருப்பாங்களா?"

கிளாடிஸ் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அந்த மீனில் குழம்பு வைத்ததே அவள்தான்.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்து ஒவ்வொரு பாவமாக எண்ணிப் பழகிய மனுஷன் வேறென்ன செய்வார்? விண்ணப்பத்தில் ஒன்றுவிடாமல் எழுதினார். பீர் முஹம்மது வீடு, ஒரு தூக்குப் பிரியாணி. சுயம்புலிங்கம் வீடு, முழு வஞ்சிரம் ஒன்று. இப்படி இருபத்து மூன்று.

போட்டியன்று சங்கச் செயலாளர், மயிலாப்பூர் வக்கீல் கல்யாணராமன், பட்டியலைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதையெல்லாம் யார் எழுதச் சொன்னா உங்களை? மத்தவா எல்லாரும் 'இல்லை'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டா."

"பிரியாணி பிரதிபலனா, இல்லையா சார்? எனக்கு நிஜமாவே தெரியல."

வக்கீலுக்கும் தெரியவில்லை. கமிட்டி கூடி ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் தீர்ப்பு வந்தது: சமைத்துக் கொடுத்தது உபசாரம், சமைக்காமல் கொடுத்தது கூலி. பிரியாணி தப்பியது, வஞ்சிரம் கவிழ்த்துவிட்டது. இப்படி ஒரு சட்டத்தை எந்தக் கோர்ட்டில் கண்டார்களோ.

"விதிப்படி நீங்க போட்டியில இல்லை," என்றார் கல்யாணராமன். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

வாத்தியார் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்தார்.

"பரிசு வேணாம் சார். ஒரு தரம் திறந்து மட்டும் பாருங்க."

கல்யாணராமன் நடுவர்கள் இருவரையும் கூப்பிட்டார். பின்பலகையைக் கழற்றிக் குனிந்தவர்கள் வெகுநேரம் நிமிரவில்லை. பரிசுக்கு வந்த ரேடியோக்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. ஒருவர் கையை நுழைத்து ஒரு கம்பி போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார்.

"வாத்தியாரே, இதை நான் வரைஞ்சு எடுத்துக்கலாமா?"

வாத்தியார் சரியென்று தலையாட்டினார். ரேடியோவை அவர் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார்.