இமையில் ஒட்டிய டேப்

சர்க்யூட் போர்டில் ஒட்டும் மஞ்சள் டேப்பில் விரல்நகம் அளவு ஒரு துண்டு. அதை அக்கா தன் இடது இமையில் ஒட்டி, புருவத்தோடு இழுத்து நிறுத்தியிருந்தாள். ஒரகடத்துக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு அடுத்த இருக்கை அவளுடையது. வல்லக்கோட்டைக்காரி. என் ஊரை வைத்து என்னைத் ‘தென்காசி’ என்றே கூப்பிடுவாள். அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதடி தென்காசி. கண்ணு தானா மூடிக்கினு போவுது. தூங்குறேன்னு சூப்பர்வைசர் எழுதிட்டான்னா வேல பூடும்” என்றாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

லென்ஸ் வழியே போர்டுகளைப் பார்த்து, குறையுள்ளதைச் சிவப்புத் தட்டில் தள்ளுவது எங்கள் வேலை. காலையில் ஒழுங்காக இருக்கும் அவள் இமை, மதியத்துக்கு மேல் சரிந்துவிடும். “வூட்ல தூங்கிட்டு வாம்மா” என்று சூப்பர்வைசர் எல்லார் முன்பும் கத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னை ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான்தான் போனேன். நெஞ்சுக்குள் தைமஸ் என்ற சுரப்பியில் கட்டி என்றார் டாக்டரம்மா. உடம்பைக் காக்கும் ‘டி’ எனும் வெள்ளை அணுக்கள் அங்கேதான் தேறி வருகின்றனவாம். இளம் அணுவின் மேற்பரப்பில் இரண்டு வகை மூலக்கூறுகள் சேர்ந்தே இருக்கும்; தேறிய அணு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். சொந்த உடம்பையே எதிரியாகப் பற்றிக்கொள்ளும் அணு அங்கேயே சாக வேண்டும். பெரும்பாலானவை வெளியே வருவதே இல்லை. அக்காவுக்குள் சாக வேண்டியவை தப்பி வந்து, நரம்பு சொல்வது தசைக்கு எட்டாதபடி கெடுத்துவிட்டன; இமை சரிவது அதனால்தான்.

“அங்கயும் இன்ஸ்பெக்‌ஷன் கீதுங்களா? என் லைன்ல மட்டும் ரிஜெக்ட் பீஸு வெளிய வந்துட்ச்சா?” என்று அக்கா சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்து, மூச்சு வாங்கினால் உடனே வரச் சொன்னார்.

டாக்டர் சீட்டைப் பார்த்ததும் சூப்பர்வைசர் அடியோடு மாறிப்போனார். முதுகு சாய்கிற நாற்காலி போட்டார். தானே டீ வாங்கிவந்து கொடுத்தார். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அக்கா சளியோடு வேலைக்கு வந்தாள். டீ நேரம் முடிந்ததும் மேஜையில் தலை சாய்த்தாள். எழுப்பக் கை நீட்டினேன்.

“எழுப்பாத. பாவம், கொஞ்ச நேரம் தூங்கட்டும்” என்றார் அவர்.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் தட்டிலிருந்த போர்டுகளையும் நானே பார்த்து முடித்தேன். ஷிப்ட் மணி அடித்தபோது தொட்டால், அவள் கை சில்லிட்டிருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. வாங்குவதற்கும் தசை வேண்டுமே.

இப்போது அவள் இருக்கை எனக்கு. அவசரத்துக்கென்று அவள் மேஜைக்கு அடியில் ஒட்டிவைத்த டேப் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றில் இரண்டு இமைமயிர்கள். சுத்தம் செய்யும் நாளில் சுரண்டச் சொல்வார்கள், நான் சுரண்டுவதில்லை. லைனில் யார் தலை சாய்த்தாலும் உலுக்கி எழுப்பிவிடுகிறேன். எரிச்சலில் திட்டுகிறார்கள். திட்டட்டும். திட்ட மூச்சு இருக்கிறது.