கரைத்ததெல்லாம் வந்து சேரும் இடம்

அம்மாவை ஆற்றில் கரைத்துவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னது பெரியப்பா. தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறையிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பியவர், வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு. கரைச்சாச்சு" என்றார். பெண்பிள்ளைகள் அங்கெல்லாம் போகக்கூடாது என்று என்னை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் அதுவரை பார்த்திருந்த கரைதல், பால் தம்ளரில் சர்க்கரை கரைவதுதான். அம்மாவும் அப்படித்தான் போயிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அழுவார்கள், அழுதால் எனக்குச் சாப்பாடு போட மறந்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், அலையாத்தி மரங்கள் நிற்கும் சதுப்பில் எவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உறவுக்காரர்களுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நம்ம ஆத்தையா சோதிக்கான்?" என்று பெரியப்பா பொருமினார். அல்வாவுக்கே ருசி கொடுக்கிற தண்ணீர் என்று ஊரே பெருமை பேசுகிறபோது, வீட்டிலேயே ஒருவன் அதைப் புட்டியில் பிடித்துக் குற்றம் பார்த்தால் கோபம் வராதா? "சேறு அள்ளவா இம்புட்டுப் படிச்சாரு?" என்பது பெரியம்மாவின் வருத்தம்.

கோடை விடுமுறையில் என்னை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார்கள். கடைசியில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கழிமுகத்து ஊருக்கே போய்விட்டார்.

அங்கே ஒற்றை அறை வீடு. பாதி அறையை அப்பாவின் புட்டிகளும் தட்டுகளும், மீன் வியாபாரி ஒருவரிடம் இரவல் வாங்கிய ஐஸ் பெட்டியும் அடைத்திருந்தன. மாதா கோயில் மணலில் விளையாடும் பிள்ளைகள் என்னைத் 'திருநெல்வேலிக்காரி' என்பார்கள், ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அப்பாவும் பேசமாட்டார். அம்மா போனபிறகு நாங்கள் இருவரும், ஒரே நிறுத்தத்தில் வேறு வேறு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

கடல் வாங்கி, சதுப்பில் சேறு தெரியும் நேரம் பார்த்துத் தோணியில் போவோம். "தண்ணி வத்திட்டு சார், பைய எறங்குங்க" என்பார் தோணிக்கார அண்ணாச்சி. அப்பா ரப்பர் காலணியும் கையுறையும் மாட்டிக்கொண்டு இறங்கி, ஒரு குழாயைச் சேற்றில் செருகி எடுப்பார். குழாய்க்குள் நின்ற சேற்றைப் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைப்பார். என்னைத் தொடவே விடமாட்டார்.

"என்னப்பா தேடுதிய?" என்று ஒருநாள் கேட்டேன்.

அந்த விடுமுறையில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அன்றைக்குத்தான். "மேல ஊர்ல ஆத்துல கரைக்கதெல்லாம் கரைஞ்சு போச்சுன்னு நெனைக்காங்க. சாக்கடை, சாயம், ஆலைக்கழிவு எல்லாந்தான். ஆனா எதுவும் எங்கயும் போகாதும்மா. இங்கன வந்து உப்புத்தண்ணி பட்டதும் ஒண்ணோட ஒண்ணு சேந்து, கனத்து, அடியில தங்கிரும். நாந்தேடுதது அதத்தான்."

குறுக்குத்துறையில் கரைத்ததும் அப்படியானால் இங்கேதான் வந்திருக்கும். தோணிக்கு வெளியே தொங்கவிட்டிருந்த காலைச் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டேன். அம்மாமேல் கால் படலாமா? அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. ஈயம், பாதரசம் என்று தேடுகிறவருக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது, தெரிந்தால் அழுவார் என்று நினைத்தேன்.

அதன்பிறகு எனக்குத் தனிமை கொஞ்சம் குறைந்தது. அப்பா சேற்றைத் தட்டில் பரப்பி உலர்த்துவார். உலர்ந்தபின் இடித்துச் சலிப்பார். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி விழும். அவர் குளிக்கப் போகும்போது நான் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் மெதுவாகச் சொல்வேன். யாரும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

சலித்த சேற்றைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு அப்பா பாளையங்கோட்டை ஆய்வுக்கூடத்துக்குப் போன நாட்களில், என்னை அண்ணாச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அண்ணாச்சியின் மனைவி தன் தாயின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகும்போது என்னையும் கூட்டிப் போனாள்.

"ஒங்க அம்மைய எங்கன வச்சிருக்கு, பிள்ள?"

"இங்கனதான்" என்றேன். அவள் என் தலையைத் தடவினாள்.

அப்பா திரும்பி வந்த சாயங்காலம், பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே ஓடிப்போய்க் கேட்டேன்: "இருந்துச்சாப்பா?"

"இருக்கு" என்றார். முகம் வாடியிருந்தது. "நான் நெனச்சதவிட நெறையவே இருக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் ஏன் அப்படி முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறார் என்று உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

பள்ளி திறக்க இருந்ததால் ஊருக்குப் புறப்பட வேண்டும். கடைசியாக ஒருமுறை தோணியில் போனோம். பைகள் நிறைந்து, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியையும் மூடியாயிற்று. அண்ணாச்சி தோணி தள்ளும் கழியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா மட்டும் தோணியில் ஏறவில்லை. கையுறைகளைக் கழற்றித் தோணிக்குள் போட்டார். குனிந்து, என்னைத் தொடவே விடாத அந்தச் சேற்றுக்குள் வெறுங்கையை முழங்கைவரை விட்டார். விட்டவர் எடுக்கவில்லை, அப்படியே நின்றார். அண்ணாச்சி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தண்ணி ஏறுது சார்" என்று வெகுநேரம் கழித்துத்தான் சொன்னார்.

"என்னப்பா விழுந்துட்டு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா."

கைக்கடிகாரம்தான் நழுவி விழுந்திருக்கும், என்னிடம் சொல்ல வெட்கப்படுகிறார் என்று எண்ணினேன். தோணி நகரும்போது விளிம்பில் சாய்ந்து, அவர் நின்ற இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா அங்கே இருப்பது அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.