அதட்டி ஓட்டாத வண்டி

ஃபக்ருதீன் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட உட்காராமல் 1978-இல் லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்கினான், அதுவும் முதல் தடவையிலேயே. சின்ன வயதில் விழுந்ததில் அவனுக்கு இடது முழங்கை சரியாக மடங்காது. இந்தக் கையை வைத்துக்கொண்டு கியர் போட முடியாது என்று சொன்னவர்கள் கண்ணெதிரிலேயே பதினைந்து வருஷம் கியர் போட்டான். சானமாவுக் காட்டு ரோட்டில் ஒற்றை யானை எதிரே வந்து நின்றபோது, வண்டியில் ஒரு கீறல் விழாமல் பின்னுக்கு எடுத்தான். தக்காளி ஏற்றினால் கூடையில் ஒரு பழம் நசுங்காது. அதற்காகவே உத்தனப்பள்ளியிலும் பேரிகையிலும் அவன் வண்டிக்குக் காத்திருப்பார்கள். கடைசியாக, இனி இரும்புக் கடைக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட 1974 மாடல் லாரிக்குப் புகைச் சான்றிதழ் வாங்கினான். அதை எப்படி வாங்கினோம் என்பது மட்டும் அவனுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

வண்டி வெங்கடப்பனுடையது. பேரிகைக்காரர், வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் பெங்களூர் மண்டியில் கன்னடமும் பேசுவார். கதவில் ‘ஓட்டுநர்’ என்று போட்டு அதற்குக் கீழே ஃபக்ருதீன் பெயரை எழுதச் சொன்னவர் அவர்தான். ஃபக்ருதீனுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் வண்டி கழுவும்போது, கதவுக்கு வந்ததும் துணியை விரலில் சுற்றிக்கொண்டு தன் பெயரை ஓர் எழுத்து விடாமல், சுழியும் கொக்கியும் விடாமல் துடைப்பான்.

வண்டியை அவன் அதட்டியதே இல்லை. மேடானாலும் பள்ளமானாலும் ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும்தான் போவான். கல்யாண ஊர்வலம் போகிறது, ஒதுங்குங்கள் என்று மெக்கானிக் ஜமீர் அகமது கேலி செய்வார்.

1993-இல் புகைப் பரிசோதனை கெடுபிடியாயிற்று. பழைய டீசல் வண்டிகள்தான் முதலில் மாட்டின. புகைச் சீட்டு இல்லாத வண்டியை எல்லைச் செக்போஸ்டில் திருப்பி அனுப்பினார்கள். ஓசூர் பைபாஸில், ஜமீரின் பட்டறையை ஒட்டிப் பரிசோதனைக் கொட்டகை ஒன்று வந்தது. சைலன்சர் வாயில் குழாயைச் செருகி, எஞ்சினை முழுக்க அழுத்தி, மெஷினில் எண் பார்ப்பார்கள்.

ஃபக்ருதீனுக்குத் தெரிந்த பரிசோதனை வருஷா வருஷம் வண்டியின் தகுதி பார்க்கும் எஃப்.சி. ஒன்றுதான். அதற்கு எல்லா டிரைவரும் செய்வதையே இதற்கும் செய்தான். வண்டியைத் தேய்த்துக் கழுவினான். பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டினான். ராத்திரி முழுக்க எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்து, காலையில் முதல் ஆளாக மெல்ல ஓட்டிப் போனான். மெஷினில் எண்பத்து நாலு வந்தது. அக்கா அதியாவின் மகள் கணக்கில் எழுபத்தொன்று வாங்கியதற்கே தெருவுக்குச் சர்க்கரை கொடுத்த வீடு அது. கைநாட்டு வைத்துவிட்டு, ஸ்டாண்டில் இருந்த டிரைவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். வெங்கடப்பன் வந்து சீட்டைப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

“அறுபத்தஞ்சுக்கு மேல போனா ஃபெயில், ஃபக்ரு.”

“கூட வாங்கினா எப்படீங்ணா ஃபெயிலு?”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், குடித்த டீயைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டார்.

குறைய வேண்டும் என்று தெரிந்ததும் இன்னும் கவனமாக ஏற்பாடு செய்தான். ஜமீர் டீசல் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார், ஏர் ஃபில்டர் மாற்றினார். ஃபக்ருதீன் வண்டிக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தான். பிறந்த குழந்தையைத் தூக்கிப் போவதுபோல ஓட்டிப் போனான். எழுபத்தொன்பது வந்தது. மறுபடியும் கைநாட்டு.

வெங்கடப்பன் கோபப்படவில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பாஸானால் சரி, இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரி இரும்புக்காரர் வந்து எடுத்துக்கொள்வார் என்று மட்டும் சொன்னார். முழங்கை மடங்காத டிரைவருக்கு வேறு யாரும் வண்டி தரமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமையும் வண்டிக்கு ஓய்வு கொடுக்கத்தான் நினைத்திருந்தான். ஆனால் உத்தனப்பள்ளி மாரம்மாவின் தக்காளியை ஓசூருக்குக் கொண்டுவருவதாக வெங்கடப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். கூடைகளை ஏற்றி, மாரம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்தது. சானமாவில் யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று வனக் காவலர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வழி விட்டபோது நாலரை மணி. கொட்டகையை ஐந்து மணிக்குச் சாத்துவார்கள்.

அப்போதும் அவன் வழக்கம்போலவே ஓட்டினான். விஷயம் தெரிந்த மாரம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“என் தக்காளிய நெனச்சுக்கிட்டு வண்டிய வுட்றாத தம்பி. அழுத்து.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அழுத்தினான். வண்டி கத்தியது. மேட்டில் ஏறும்போது பின்னால் கரும்புகை எழுந்து ரோட்டை மூடியது. கண்ணாடியில் அதைப் பார்க்கப் பார்க்க, வாயில்லாத ஜீவனை அடிப்பதுபோல இருந்தது அவனுக்கு. எங்கேயோ அந்தப் புகை நின்றுபோனதை அவன் கவனிக்கவில்லை.

கொட்டகையில் சின்னராஜ் பூட்டைக் கையில் எடுத்திருந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பையன். கதவில் எழுத்தே தெரியாத அளவுக்குச் சேறு அப்பிய வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குழாயைச் செருகினான். ஐம்பத்தெட்டு வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தான். ஐம்பத்தேழு.

“பாஸ், அண்ணாச்சி.”

ஃபக்ருதீன் சந்தோஷப்படவில்லை. கழுவவில்லை, ஓய்வு இல்லை, அடித்து விரட்டிக்கொண்டு வந்த வண்டி. மெஷின் கெட்டிருக்கிறதா என்று கேட்டான். பட்டறையிலிருந்து வந்த ஜமீர் சிரித்தார்.

“நீ மெதுவா ஓட்டி ஓட்டி சைலன்சர் பூரா கரி சேத்து வெச்சிருந்த. ஆறிப்போன எஞ்சினக் கொண்டாந்து நிறுத்துவ, இந்தப் பையன் அழுத்தினதும் எல்லாத்தையும் இங்கயே கக்கும். இன்னிக்கு நல்லா சூடேறி, வழியிலயே கக்கிட்டு வந்துருச்சு.”

ஃபக்ருதீன் யோசித்தான்.

“அப்ப அந்தப் புகையெல்லாம் சானமாவுக் காட்டுக்குத்தான போச்சு, பாய்?”

சின்னராஜ் சொன்னான்: “காட்டுல மெஷின் இல்ல அண்ணாச்சி.”

அப்படியானால் பதினைந்து வருஷம் பார்த்துப் பார்த்து ஓட்டியது தப்பா? புகை போய்விட்டதா, இடம்தான் மாறியதா? வெளியே கூடைகளிலிருந்து தக்காளிச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் வண்டியில் பழம் நசுங்கியது அன்றைக்குத்தான். மாரம்மா கீழே இறங்கி, நல்ல பழங்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சின்னராஜ் ‘வண்டியைக் கொண்டுவந்தவர்’ என்ற இடத்தைக் காட்டி, வழக்கம்போல மைப் பெட்டியை நகர்த்தி வைத்தான். ஃபக்ருதீன் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டான்.

“கையெழுத்து தெரியுமா அண்ணாச்சி?”

“வண்டிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியல. கொண்டாந்தது நான். அது மட்டும் தெரியும்.”

கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சேறுதான் தெரிந்திருக்கும். விரலுக்கு வழி தெரிந்திருந்தது. முதலில் மூன்று புள்ளி வைத்தான். பிறகு, துணி சுற்றித் துடைத்த அதே வரிசையில் ஒவ்வொரு சுழியாக, ஒவ்வொரு கொக்கியாகப் போனான். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. சின்னராஜ் சீட்டைத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டான்: 18.11.1993.